மொபைல் ஆப்ல ரிட்டர்ன் கீ: எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

டீம்ல புதுசா சேர்ற பசங்க எல்லாரும் ரெண்டாவது வாரத்துக்குள்ள என்கிட்ட இந்தக் கேள்விகள்ல ஏதாவது ஒண்ணை கேட்டுடுவாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா உக்காந்து சொல்றதுக்குப் பதிலா இங்க ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு ரெண்டும் இருக்கு, மத்ததையும் கொஞ்சம் தொட்டிருக்கேன்.

கீபோர்ட்ல இருக்கிற ஒரு கீ தானே, இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய பதிவு?

சில வருஷம் முன்னாடி ஒரு சின்ன கிளினிக்குக்கு டோக்கன் போடுற ஆப் பண்ணிக் கொடுத்தேன். பேரு, வயசு, ஊரு, போன் நம்பர், இந்த நாலு பாக்ஸ் தான். கொடுத்த மறுநாள் ரிசப்ஷன்ல போய் உக்காந்து பாத்தேன். அறுபது வயசு இருக்கும், ஒரு அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி விட்டுட்டு ஒத்த விரலால பேரை அடிச்சாங்க, அடிச்சு முடிச்சதும் கீழ வலது ஓரத்துல இருந்த கீயை அழுத்தினாங்க, கீபோர்ட் அப்படியே கீழ போயிடுச்சு. ஏதோ தப்பா தொட்டுட்டோம்னு நினைச்சு விரலை சட்டுனு எடுத்துட்டு என்னைப் பாத்தாங்க. நான் வயசு பாக்ஸை தொடுங்கம்மான்னேன், திரும்ப கீபோர்ட் வந்துச்சு, அடிச்சாங்க, திரும்ப போச்சு. நாலு பாக்ஸுக்கும் இதே கதை. அவங்க தப்பு எதுவுமே இல்ல, ஒரு பாக்ஸ் முடிஞ்சா அடுத்ததுக்குப் போகணும்னு அவங்க எதிர்பார்த்தது தான் சரி, நான் தான் அதை எழுதாம விட்டிருந்தேன். அன்னைக்கு ராத்திரி உக்காந்து சரி பண்ணினேன், மொத்தம் இருபது லைன் கூட வரல. அந்த இருபது லைனை நீங்க முதல் நாளே எழுதிடணும்னு தான் இவ்ளோ சொல்றேன்.

ரிட்டர்ன் கீயா, என்டர் கீயா? ரெண்டும் ஒண்ணா?

வேலை கிட்டத்தட்ட ஒண்ணு தான். டைப்ரைட்டர்ல ஒரு வரி முடிஞ்சதும் தாளைப் புடிச்சிருக்கிற வண்டியை திரும்ப ஆரம்பத்துக்கு தள்ளணும், அந்தத் திரும்பப் போறது தான் ரிட்டர்ன். ஆப்பிள் கீபோர்ட்ல அந்தப் பேரு அப்படியே நிக்குது, பிசி கீபோர்ட்ல என்டர்னு ஆயிடுச்சு. ஆஸ்கில, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிற பட்டியல்ல, 13 வண்டியை ஆரம்பத்துக்குத் தள்ளுற எழுத்து, 10 அடுத்த வரிக்கு இறங்குற எழுத்து. இது தெரிஞ்சு வச்சுக்கங்க, கீழ பேஸ்ட் பத்தி பேசும்போது தேவைப்படும், ஏன்னா விண்டோஸ்ல எழுதின டெக்ஸ்ட்ல ரெண்டு எழுத்தும் சேர்ந்து வரும், மத்த இடங்கள்ல பெரும்பாலும் 10 மட்டும் தான்.

ஆனா போன்ல ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. கம்ப்யூட்டர்ல அது எப்பவுமே ஒரு கீ. போன்ல, ஸ்கிரீன் கீபோர்ட்ல, அது பல நேரம் கீயே கிடையாது, "இந்த பாக்ஸ் முடிஞ்சது, அடுத்து என்ன"ன்னு உங்க ஆப்பை கேக்குற ஒரு ஆக்‌ஷன். கீயைப் புடிக்கப் பாக்காதீங்க, ஆக்‌ஷனைப் புடிங்க. கீழ வர்ற பாதி பிரச்சனைக்கு மருந்து இது தான்.

ஐபோன்ல ரிட்டர்ன் அழுத்தினா ஒண்ணுமே ஆகல, கீபோர்ட் மூட கூட இல்ல. ஏன்?

யூஐடெக்ஸ்ட்ஃபீல்ட், அதாவது ஐபோன்ல ஒத்த வரி அடிக்கிற பாக்ஸ், தானா எதுவும் பண்ணாது, நீங்க தான் சொல்லணும். டெலிகேட்ல (பாக்ஸ்ல நடக்கிறதுக்கு பதில் சொல்ற உங்க கோட்) டெக்ஸ்ட்ஃபீல்ட்ஷுட்ரிட்டர்ன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ரிட்டர்ன் அழுத்தினதும் ஐஓஎஸ் அதை கூப்பிடும், அதுக்குள்ள ரிசைன்ஃபர்ஸ்ட்ரெஸ்பாண்டர் கூப்பிட்டா கீபோர்ட் மூடும். அந்த ஃபங்ஷனை எழுதியும் ஒண்ணும் நடக்கலன்னா முதல்ல பாக்க வேண்டியது டெலிகேட் செட் பண்ணியிருக்கீங்களான்னு. என்கிட்ட வர்ற பத்து பேர்ல பெரும்பாலானவங்க அந்த ஒத்த லைனை தான் விட்டிருப்பாங்க. நாலு பாக்ஸ் இருந்தா நாலுக்கும் செட் பண்ணணும், மூணுக்கு பண்ணிட்டு ஒண்ணை விட்டுட்டா தேடி கண்டுபுடிக்க ரொம்ப நேரம் ஆகும்.

இன்னொரு வழியும் இருக்கு, டிட் எண்ட் ஆன் எக்ஸிட்னு ஒரு ஈவன்ட், அதுக்கு ஒரு ஆக்‌ஷனை இணைச்சுட்டா ரிட்டர்ன் அழுத்தினதும் கீபோர்ட் தானே மூடும். ஒத்த பாக்ஸ் மட்டும் இருக்கிற ஸ்கிரீனுக்கு இது போதும்.

அந்த ஃபங்ஷன்ல ட்ரூ திருப்பணுமா, ஃபால்ஸ் திருப்பணுமா?

ட்ரூன்னா ஐஓஎஸ் வழக்கமா பண்ற வேலையை பண்ணட்டும்னு அர்த்தம், ஃபால்ஸ்னா வேணாம், எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டேன்னு அர்த்தம். ட்ரூ கொடுத்துட்டா கீபோர்ட் தானா மூடிடும்னு நிறைய பேர் நம்புறாங்க, அது இல்ல. மூடணும்னா மேல சொன்ன மாதிரி நீங்க தான் மூடணும்.

ரிட்டர்ன்கீடைப்பை "நெக்ஸ்ட்"னு மாத்திட்டேன், ஆனாலும் அடுத்த பாக்ஸுக்கு போகலையே?

அது பட்டன் மேல இருக்கிற எழுத்தை மட்டும் தான் மாத்தும். கோ, சர்ச், சென்ட், டன், ஜாயின், கன்டின்யூன்னு நிறைய இருக்கு, எதை வச்சாலும் வேலை மாறாது. போர்டை மாத்திட்டா கடை மாறாது இல்லையா. அடுத்த பாக்ஸுக்குப் போகணும்னா அதே ஷுட்ரிட்டர்ன் ஃபங்ஷனுக்குள்ள அடுத்த பாக்ஸோட பிகம்ஃபர்ஸ்ட்ரெஸ்பாண்டரை கூப்பிடுங்க.

இங்க ஒரு விஷயத்தை அடிச்சு சொல்றேன்: பழைய பாக்ஸுக்கு முதல்ல ரிசைன் கொடுத்துட்டு அப்புறம் புதுசுக்கு பிகம் கொடுக்காதீங்க. நேரா புதுசுக்கு பிகம் கொடுத்தாலே போதும், ஃபோகஸ், அதாவது எந்த பாக்ஸ்ல அடிக்கிறோம்ங்கிறது, மாறும், கீபோர்ட் அசையாம அப்படியே நிக்கும். ரெண்டையும் பண்ணினா கீபோர்ட் இறங்க ஆரம்பிச்சு திரும்ப ஏறும், அந்தத் துடிப்பு பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அடுத்த பாக்ஸ் எதுன்னு கண்டுபுடிக்க டேக் நம்பரோட ஒண்ணைக் கூட்டி தேடுற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. வேலை செய்யும், ஆனா நடுவுல ஒரு பாக்ஸ் புதுசா சேத்தா எல்லா நம்பரையும் மாத்தணும். பாக்ஸ்களை வரிசையா ஒரு அர்ரேல போட்டுட்டு அதுல அடுத்ததை எடுங்க, சுத்தமா இருக்கும்.

கூடவே எனேபிள்ஸ்ரிட்டர்ன்கீஆட்டோமேட்டிக்கலின்னு ஒண்ணு இருக்கு, அதை ட்ரூ பண்ணிட்டா பாக்ஸ் காலியா இருக்கிற வரைக்கும் ரிட்டர்ன் கீ மங்கலா கிடக்கும், அழுத்த முடியாது. சர்ச் பாக்ஸுக்கு ரொம்ப பொருத்தம்.

நம்பர் பேட்ல ரிட்டர்ன் கீயே இல்லையே, என்ன பண்றது?

ஐபோன்ல நம்பர் பேட், போன் பேட், டெசிமல் பேட் மூணுலயும் ரிட்டர்ன் கிடையாது. வயசும் போன் நம்பரும் கேக்குற எல்லா ஃபார்ம்லயும் இது இடிக்கும். கீபோர்ட் தலைமேல ஒரு டூல்பார் வச்சு அதுல "அடுத்து", "முடிஞ்சது"ன்னு பட்டன் போடுங்க, ஐபோன் ஸ்கிரீன் கட்டுற பழைய வழியான யூஐகிட்ல அதுக்கு இன்புட்ஆக்சஸரிவியூன்னு பேரு, புது வழியான ஸ்விஃப்ட்யூஐல ஐஓஎஸ் 15-லேர்ந்து டூல்பார்ல கீபோர்ட்ங்கிற இடத்தைச் சொன்னா போதும். வெளிய எங்கயாவது தொட்டா மூடுற மாதிரி மட்டும் வச்சு விட்டுடாதீங்க, அது பழகினவங்களுக்கு மட்டும் தான் தெரியும், கிளினிக்ல நான் பாத்த அம்மாவுக்கு அது தோணியிருக்கவே தோணியிருக்காது. ஓடிபி மாதிரி இத்தனை இலக்கம்னு முன்னாடியே தெரிஞ்ச இடத்துல கடைசி இலக்கம் விழுந்ததும் தானே அனுப்பிடலாம், அங்க எந்த பட்டனும் வேணாம்.

யூஐடெக்ஸ்ட்வியூல ஷுட்ரிட்டர்ன் வரலையே?

வராது. அது பல வரி எழுதுற இடம், அங்க ரிட்டர்ன்னா புது வரி, அவ்ளோ தான். கட்டாயம் புடிக்கணும்னா ஷுட்சேஞ்ச்டெக்ஸ்ட்இன்ல வர்ற மாற்று டெக்ஸ்ட் வெறும் புதுவரி எழுத்து மட்டும் தானான்னு பாத்து, ஆமான்னா உங்க வேலையைப் பண்ணிட்டு ஃபால்ஸ் திருப்புங்க.

இதுல ஒரு குழி இருக்கு. யாராவது வேற எங்கேர்ந்தோ நாலு வரி அட்ரஸை காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணினா அந்த மாற்று டெக்ஸ்ட்ல புதுவரி எழுத்து நடுவுல இருக்கும், நீங்க "புதுவரி இருக்கா"ன்னு கேட்டா ஆமான்னு வரும், பேஸ்ட் பண்ணினது மொத்தமும் காணாம போயிடும். "புதுவரி மட்டும் தானா"ன்னு கேளுங்க, "உள்ள இருக்கா"ன்னு கேக்காதீங்க.

ஸ்விஃப்ட்யூஐல எப்படி?

ஐஓஎஸ் 15-லேர்ந்து நிம்மதி. சப்மிட்லேபல்ல கீயோட எழுத்து, ஆன்சப்மிட்ல வேலை, ஃபோகஸ்ஸ்டேட்ல எந்த பாக்ஸ்னு கணக்கு. பாக்ஸ்களுக்கு ஒரு ஈனம் (enum, பாக்ஸ் பேர்களோட பட்டியல்) வச்சுக்கிட்டு ஆன்சப்மிட்டுக்குள்ள அடுத்த கேஸுக்கு மாத்தினா ஃபோகஸ் போயிடும், எந்த பாக்ஸும் இல்லன்னு (nil) வச்சா கீபோர்ட் மூடிடும். ஆன்சப்மிட்டை ஒவ்வொரு பாக்ஸ்லயும் எழுத வேணாம், வெளிய இருக்கிற ஃபார்ம்லயே ஒரு தடவை எழுதினா உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் பொருந்தும். பழைய ஆன்கமிட்டை இன்னும் வச்சிருந்தா மாத்திடுங்க.

ஐஓஎஸ் 16-ல டெக்ஸ்ட்ஃபீல்டுக்கு வெர்டிகல் ஆக்ஸிஸ் கொடுத்து வளர விட முடியும், ஆனா அப்ப ரிட்டர்ன் புது வரியாயிடும், ஆன்சப்மிட் வரலையேன்னு தேடிட்டு இருக்காதீங்க.

ஆண்ட்ராய்டுல ஆன்கீலிசனர் போட்டேன், என் போன்ல வருது, கஸ்டமர் போன்ல வரல. ஏன்?

இந்தக் கேள்விக்கு தான் மேல "கீயைப் புடிக்காதீங்க"ன்னு சொன்னேன். லிசனர்னா ஏதாவது நடந்தா ஓடுற கோட், அதுல செட்ஆன்கீலிசனர் நிஜமான கீபோர்டுக்கு எழுதினது. ஸ்கிரீன் கீபோர்ட் கீ ஈவன்ட் அனுப்பியே ஆகணும்னு ஆண்ட்ராய்டுல எந்தக் கட்டாயமும் இல்ல, ஒரு கீபோர்ட் ஆப் அனுப்பும், இன்னொண்ணு அனுப்பாது, ரெண்டுமே சரி தான். உங்க போன்ல இருக்கிற கீபோர்ட் அனுப்புது, அவங்களோடது அனுப்பல, அவ்ளோ தான் விஷயம்.

நீங்க போட வேண்டியது செட்ஆன்எடிட்டர்ஆக்‌ஷன்லிசனர். எக்ஸ்எம்எல்ல ஐஎம்இஆப்ஷன்ஸ்ல (ஐஎம்இன்னா ஸ்கிரீன் கீபோர்ட்) ஆக்‌ஷன்நெக்ஸ்ட், ஆக்‌ஷன்டன், ஆக்‌ஷன்சர்ச்னு சொல்லிட்டு லிசனர்ல ஆக்‌ஷன்ஐடியைப் பாருங்க. நெக்ஸ்டுக்கும் டன்னுக்கும் நீங்க ஃபால்ஸ் திருப்பினா ஆண்ட்ராய்டே அடுத்த பாக்ஸுக்குப் போகும், இல்ல கீபோர்டை மூடும். ஐபோன் மாதிரி இல்ல, இங்க வேலை பாதி இலவசம். ட்ரூ திருப்பிட்டா எல்லாம் உங்க தலையில, கீபோர்டை மூடுறதும் சேத்து. டன் அழுத்தினா கீபோர்ட் மூட மாட்டேங்குதுன்னு வர்ற கேள்விக்கு பெரும்பாலும் பதில் இந்த ட்ரூ தான்.

இன்புட்டைப்பும் சேத்து கொடுங்க. மேக்ஸ்லைன்ஸ் 1-னு மட்டும் போட்டா ஒரு வரி உயரம் தான் தெரியும், ஆனா உள்ள புதுவரி போயிட்டே இருக்கும்.

என்டர் ஒரு தடவை அழுத்தினா லிசனர் ரெண்டு தடவை ஓடுது.

வெளிய மாட்டின கீபோர்ட் இல்ல எமுலேட்டர்ல உங்க லேப்டாப் கீபோர்ட் தானே? அதுல கீயை அமுக்கும்போது ஒரு தடவை, விடும்போது ஒரு தடவை வரும், ரெண்டுலயும் ஆக்‌ஷன்ஐடி 0, கூடவே கீஈவன்ட் நல் (null, அதாவது காலி) இல்லாம வரும். ஈவன்ட் நல் இல்லன்னா அது ஆக்‌ஷன்டவுனான்னு பாத்து அப்ப மட்டும் வேலையைப் பண்ணுங்க, கீயை விடும்போது வர்றதுக்கும் ட்ரூ திருப்பி முழுங்கிடுங்க. ஸ்கிரீன் கீபோர்ட் ஆக்‌ஷன்ல ஈவன்ட் நல்னு (null) தான் வரும், அதுல இந்தத் தொல்லை இல்ல. பார்கோடு ஸ்கேனர் மாட்டுற கடை ஆப் பண்றவங்களுக்கு இது இன்னும் முக்கியம், நிறைய ஸ்கேனர்கள் கீபோர்டா தான் தன்னைக் காட்டிக்கும், கோடு முடிஞ்சதும் ஒரு என்டர் அனுப்பும், ரெண்டு தடவை ஓடினா ஒரே பொருள் பில்லுல ரெண்டு தடவை ஏறும்.

நெக்ஸ்ட் அழுத்தினா ஆப் கிராஷ் ஆகுது!

லாக்ல "ஃபோகஸ் சர்ச் கொடுத்த வியூ ஃபோகஸை வாங்க முடியல"ங்கிற அர்த்தத்துல ஒரு இல்லீகல்ஸ்டேட் எக்ஸப்ஷன் இருக்கும், பாருங்க. அடுத்ததுன்னு ஆண்ட்ராய்டு கண்டுபுடிச்ச வியூ அந்த நேரத்துல ஃபோகஸ் வாங்க மறுத்துடுச்சு. ரீசைக்ளர் லிஸ்டுக்குள்ள (ஸ்க்ரோல் பண்ற நீளமான லிஸ்ட்) பாக்ஸ் வச்சவங்களுக்கு அடிக்கடி வரும். நெக்ஸ்ட்ஃபோகஸ்ஃபார்வர்ட்ல அடுத்த பாக்ஸை நீங்களே சொல்லிடுங்க, இல்லன்னா லிசனர்ல நீங்களே ரிக்வெஸ்ட்ஃபோகஸ் கூப்பிட்டு ட்ரூ திருப்புங்க.

நாலு வரி அடிக்கிற பாக்ஸ், ஆனா என்டருக்குப் பதிலா சென்ட் வேணும். ஆண்ட்ராய்டுல முடியுமா?

முடியும். டெக்ஸ்ட்மல்டிலைன்னு கொடுத்த உடனே ஆண்ட்ராய்டு "இங்க என்டர்ல ஆக்‌ஷன் வேணாம்"னு ஒரு ஃப்ளாகை தானே போட்டுடும், அதனால நீங்க ஆக்‌ஷன்சென்ட்னு எழுதினாலும் புதுவரி கீ தான் வரும். எக்ஸ்எம்எல்ல மல்டிலைனை எடுத்துட்டு சாதா டெக்ஸ்ட்னு வைங்க, அப்புறம் கோட்ல செட்ஹரிசான்டலிஸ்க்ரோலிங் ஃபால்ஸ், செட்மேக்ஸ்லைன்ஸ் 4. கீபோர்டுக்கு அது ஒத்த வரி பாக்ஸ், கண்ணுக்கு மடிஞ்சு நாலு வரியா தெரியும்.

அப்போ சாட்ல என்டர்னா அனுப்பணுமா, புது வரி போகணுமா?

என் அபிப்பிராயம், போன்ல புது வரி தான். பக்கத்துலயே ஒரு அனுப்புற பட்டன் இருக்கு, தெரியாம கை பட்டு பாதி மெசேஜ் போயிட்டா திரும்ப வராது, தெரியாம புது வரி விழுந்தா ஒரு பேக்ஸ்பேஸ்ல போயிடும். எந்தத் தப்போட விலை கம்மியோ அதை வைங்க. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்ல என்டர்னா அனுப்புன்னு ஒரு செட்டிங் வச்சு ஆளுங்க கையிலயே விட்டிருக்காங்க, அது நல்ல வழி. டேப்லெட்ல கீபோர்ட் மாட்டினவங்க என்டர்ல அனுப்பி ஷிஃப்ட் என்டர்ல வரி இறங்கணும்னு எதிர்பாப்பாங்க, அவங்களையும் மனசுல வச்சுக்கங்க.

கம்போஸ், ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ்?

கம்போஸ் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் கட்டுற புது வழி, மத்த ரெண்டும் ஒரே கோட்ல ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஆப் பண்ற வழி. கம்போஸ்ல கீபோர்ட்ஆப்ஷன்ஸ்ல ஐஎம்இஆக்‌ஷன், கீபோர்ட்ஆக்‌ஷன்ஸ்ல வேலை. ஆன்நெக்ஸ்ட், ஆன்டன் எதுவும் எழுதலன்னா அதுவே நகரும், மூடும், எழுதிட்டா அந்த இலவச வேலை நின்னுடும், கூடவே வேணும்னா உள்ள டிஃபால்ட்கீபோர்ட்ஆக்‌ஷனை கூப்பிடுங்க. சிங்கிள்லைன் ட்ரூ மறந்தா ஆக்‌ஷனுக்குப் பதிலா புதுவரி கீ வந்து நிக்கலாம்.

ஃப்ளட்டர்ல டெக்ஸ்ட்இன்புட்ஆக்‌ஷன் நெக்ஸ்ட் போட்டாலே அடுத்ததுக்குப் போகும், ஆன்எடிட்டிங்கம்ப்ளீட்டை நீங்க எழுதினா மட்டும் போகாது, ஃபோகஸை நீங்க தான் நகர்த்தணும். டெக்ஸ்டை வாங்கிக்க ஆன்சப்மிட்டட் போதும்.

ரியாக்ட் நேட்டிவ்ல ஆன்சப்மிட்எடிட்டிங்ல அடுத்த பாக்ஸோட ரெஃப்ல ஃபோகஸ் கூப்பிடுங்க, கடைசி பாக்ஸைத் தவிர மத்ததுக்கு ப்ளர்ஆன்சப்மிட் ஃபால்ஸ் வைங்க, புது வெர்ஷன்ல அதுக்கு சப்மிட்பிஹேவியர்னு வந்திருக்கு. வைக்கலன்னா கீபோர்ட் இறங்கி ஏறும் அதே துடிப்பு தான்.

ஆப்புக்குள்ள வெப் பேஜ் காட்டுறவங்க எச்டிஎம்எல்ல என்டர்கீஹின்ட்ங்கிற ஆட்ரிப்யூட்ல நெக்ஸ்ட், சர்ச், சென்ட்னு கொடுங்க, கீயோட எழுத்து மாறும்.

ஜப்பானிய கீபோர்ட்ல என்டர் அழுத்தினா பாதி வார்த்தை போகுதுன்னு கம்ப்ளெயின்ட். தமிழுக்கும் இது இருக்கா?

ஜப்பானிய, சீன கீபோர்ட்ல வார்த்தையை முதல்ல ஒலியா அடிச்சு, அதுக்கான எழுத்தைத் தேர்ந்தெடுத்து உறுதி பண்ண என்டர் அழுத்துவாங்க. வெப்ல கீடவுன்ல என்டரைப் பாத்த உடனே அனுப்புற மாதிரி எழுதினா அந்த உறுதி பண்ற என்டரையும் அனுப்புறதா எடுத்துக்கும். ஈவன்ட்ல இஸ்கம்போஸிங் ட்ரூவா இருந்தா விட்டுடுங்க.

தமிழ்ல இங்கிலீஷ் எழுத்துல "vanakkam"னு அடிச்சு தமிழா மாத்துற கீபோர்ட் வச்சிருக்கிறவங்க நிறைய பேரு, அவங்க அடிக்கும்போது வார்த்தைக்குக் கீழ கோடு இருக்கும், அது இன்னும் முடியாத வார்த்தை. அந்த நேரத்துல உங்க டெக்ஸ்ட்வாட்ச்சர் (டெக்ஸ்ட் மாறும்போதெல்லாம் ஓடுற கோட்) புதுவரியை நீக்குறேன், ஸ்பேஸை வெட்டுறேன்னு டெக்ஸ்டை திரும்ப செட் பண்ணினா கீபோர்டுக்கும் பாக்ஸுக்கும் கணக்கு தப்பிடும், எழுத்து ரெண்டு தடவை விழும், கர்சர் தாவும். வெட்டுறதை எல்லாம் அடிச்சு முடிச்சு அனுப்பும்போது பண்ணுங்க. டெஸ்ட் பண்ணும்போது ஒரு தமிழ் கீபோர்டையும் போட்டு அடிச்சுப் பாருங்க, இங்கிலீஷ்ல மட்டும் பாத்து அனுப்பினா இது கண்ணுல படாது.

சிமுலேட்டர்ல கீபோர்டே வர மாட்டேங்குது?

கமாண்ட் கே அழுத்துங்க. மேக் கீபோர்ட் இணைஞ்சிருந்தா ஸ்கிரீன் கீபோர்ட் ஒளிஞ்சுக்கும். ரிட்டர்ன் கீயை லேப்டாப்ல மட்டும் தட்டிப் பாத்து முடிச்சுக்காதீங்க, கீ மேல என்ன எழுத்து வருதுன்னு அதுல தெரியாது.

கடைசி பாக்ஸ்ல டன் அழுத்தினா நேரா அனுப்பிடலாமா?

லாகின், சர்ச்னா தாராளமா. பணம், புக்கிங் மாதிரி விஷயம்னா கீபோர்டை மூடி, அனுப்புற பட்டன் கண்ணுல படுற மாதிரி நிறுத்துங்க, அவங்களே பாத்து அழுத்தட்டும். எப்படி இருந்தாலும் ஒரு ரிக்வெஸ்ட் போயிட்டு இருக்கும்போது ரெண்டாவது போகாத மாதிரி ஒரு ஃப்ளாக் வைங்க, ரிட்டர்னும் பட்டனும் ஒரே ஃபங்ஷனை கூப்பிடட்டும், ஃப்ளாக் அந்த ஃபங்ஷனோட முதல் லைன்ல இருக்கட்டும். கிளினிக் ஆப்ல நெட் மெதுவா இருந்த ஒரு நாள், ஒருத்தர் டன்னை அழுத்திட்டு ஒண்ணும் வரலன்னு பட்டனையும் அழுத்தினார், 14-ம் 15-ம் ரெண்டு டோக்கனும் அவர் பேருக்கே விழுந்துச்சு. அவருக்குப் பின்னாடி காய்ச்சல் புள்ளையைத் தோள்ல போட்டுட்டு நின்ன அம்மாவுக்கு 16 வந்துச்சு.